ராகேஷ் சர்மா தங்கின வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கால் ஒரு சின்னத் தகராறு.

'தி மார்ஷியன்' படத்தை எத்தனையாவது தடவையோ பார்த்துக் கொண்டிருந்தேன். செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருத்தன், உருளைக்கிழங்கு பயிர் செய்து, ஒரு நாளைக்கு இத்தனை கிழங்கு என்று கணக்குப் போட்டு உயிர் பிழைக்கிற கதை. ஆண்டி வேய்ர் என்ற கம்ப்யூட்டர் ஆசாமி தன் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, 2011-இல் தானே மின்புத்தகமாக வெளியிட்ட நாவல். 2015-இல் படமாக வந்தது. கிழங்கை அவன் எண்ணுகிற கட்டம் வந்தால் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவேன்.

சமையல்கட்டிலிருந்து தங்கமணியின் குரல். "அவன் கிழங்கு எண்றத வாயப் பொளந்து பாக்கத் தெரியுது. தாதர் மார்க்கெட்ல கிழங்கு கிலோ என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதனால் சத்தத்தைக் குறைத்தேன். (குறைத்தது டிவி சத்தத்தை.)

ஒன்பதாவது படிக்கிற மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணக்கு என்றால் காத தூரம் ஓடுகிற பிள்ளை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த மாதிரி நிஜமாவே நடந்திருக்கா? அதுல நம்ம ஆளு யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"நடந்திருக்கு. நம்ம ஆளும் அந்த வீட்டுல தங்கியிருந்தார். ஆனா அவர் கிளம்பி வந்த அடுத்த வருஷம்தான் அது நடந்துச்சு" என்றேன்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

*

கொசுவத்தியைச் சுற்ற விடுகிறேன். 1984 ஏப்ரல். அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் பத்து வயது. அப்பா மில்லில் எலக்ட்ரீசியன். ரேடியோப் பெட்டியைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது.

ஏப்ரல் 3-ஆம் தேதி, சோயுஸ் டி-11 கலத்தில் யூரி மாலிஷெவ், கென்னடி ஸ்ட்ரெகலோவ் என்ற இரண்டு ரஷ்யர்களோடு ராகேஷ் சர்மா கிளம்பினார். மறுநாள் சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏற்கனவே மூன்று பேர் குடியிருந்தார்கள்: லியோனித் கிசிம், விளாதிமிர் சொலொவ்யோவ், டாக்டர் ஓலெக் அட்கோவ். ஆக மொத்தம் ஆறு பேர். சர்மா யோகாசனம் செய்து பார்த்தார், இந்திய நிலப்பரப்பைப் படம் எடுத்தார். மைசூரில் உள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடம் செய்து கொடுத்த நம்ம ஊர்ச் சாப்பாட்டை ரஷ்யர்களுக்கும் கொடுத்தார். இந்திரா காந்தி, அங்கிருந்து பார்த்தால் இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்க, இக்பாலின் பாட்டு வரி ஒன்றைப் பதிலாகச் சொன்னார். ஏப்ரல் 11-ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார். மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

நமக்கெல்லாம் அந்த ஒரு பதில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாடப்புத்தகம், க்விஸ் போட்டி, குடியரசு தினம் எல்லாவற்றிலும் அதுதான். அவர் நின்றுகொண்டு (மிதந்துகொண்டு) அதைச் சொன்ன வீடு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. எனக்கே இருபத்தைந்து வயசுக்கு மேல்தான் தெரிய வந்தது.

1982 ஏப்ரல் 19-ஆம் தேதி ஏவப்பட்டது அந்த வீடு. சுமார் 16 மீட்டர் நீளம், சுமார் 19 டன் எடை. நம்ம லோக்கல் ரயிலில் ஒரு பெட்டியை விடக் கொஞ்சம் குட்டை. சர்மா போனபோதே அது முழு ஆரோக்கியத்தோடு இல்லை. 1983 செப்டம்பரில் எரிபொருள் அமைப்பில் ஒரு குழாய் உடைந்திருந்தது. விருந்தாளியை வழியனுப்பின பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 23-ஆம் தேதி, கிசிமும் சொலொவ்யோவும் வெளியே இறங்கி அந்தக் குழாயைச் சரி செய்யும் வேலையைத் தொடங்கினார்கள். பல தடவை வெளியே போய்த்தான் வேலை முடிந்தது.

நம்ம வீடுகளில் விருந்தாளி வந்தால் ஒழுகுகிற இடத்தில் பாயைப் போட்டு மறைப்போமே, அந்த மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*

இந்த மாதிரிக் கதைகள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது மும்பை வந்த பிறகு. 1996-இல் வேலை கிடைத்துத் தாதர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கினேன். அறையில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் கிடையாது. மாட்டுங்காவுக்கு நடந்து போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் நின்றுகொண்டே படிப்பேன். அங்கேதான் ஆர்தர் சி. கிளார்க்கின் 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' கிடைத்தது. அட்டை கிழிந்திருந்ததால் விலை குறைவு.

கிளார்க் 1956-இலிருந்து இலங்கையில் குடியிருந்தவர். 2008-இல் கொழும்பிலேயே காலமானார். இந்த நாவல் வெளிவந்தது 1961-இல், ககாரின் மேலே போன அதே வருஷம். நிலவில் தூசியால் ஆன ஒரு 'கடல்'. அதன் மேல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு, 22 பேரோடு தூசிக்குள் மூழ்கிவிடுகிறது. அரக்கனும் கிடையாது, வேற்றுக்கிரகவாசியும் கிடையாது. மேலே இருப்பவர்கள் கண்டுபிடிப்பதற்குள் உள்ளே காற்று தாங்குமா, சூடு தாங்குமா, அவ்வளவுதான் கதை. கிளார்க் இலங்கைக் கடலில் முங்கித் திரிந்தவர். முதுகில் கட்டின சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று எண்ணிப் பழகின கை, கதையையும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1966 பிப்ரவரியில் லூனா-9 நிலவில் இறங்கி, தரை கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆளை விழுங்குகிற தூசி இல்லை என்று காட்டிவிட்டது. கதையின் அடித்தளமே போச்சு. ஆனாலும் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. நிலவைப் பற்றித்தான் தப்பு. மூடின பெட்டிக்குள் 22 பேர் மூச்சு விட்டால் என்ன ஆகும் என்ற கணக்கில் தப்பில்லை.

அந்தக் கதை வந்து ஒன்பது வருஷத்தில் நிஜமாகவே நடந்தது. 1970 ஏப்ரல் 13, அப்போலோ-13. பூமியிலிருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. ஜிம் லவல், ஜாக் ஸ்விகெர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ் மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த சின்னக் கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேர் சுமார் இரண்டு நாள் தாங்குவதற்காகச் செய்தது. மூன்று பேர், ஏறக்குறைய நாலு நாள் தாங்க வேண்டும். நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்த கணக்குதான்!

ஆக்சிஜன் தீர்ந்துதான் செத்துப் போவார்கள் என்று நாம நினைப்போம். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. அவர்களே வெளியே விட்ட மூச்சுதான் எமனாக வந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் பெரிய கலத்தில் நிறைய இருந்தன, ஆனால் அவை சதுரம். சின்னக் கலத்தின் ஓட்டை வட்டம். ஹூஸ்டனில் இருந்தவர்கள், கலத்துக்குள் என்னென்ன பொருள் இருக்கிறதோ அதை மட்டும் மேஜையில் பரப்பி வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், டக்ட் டேப். செய்முறையை ரேடியோவில் சொல்லச் சொல்ல, மேலே செய்தார்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்கூட இல்லை. ஏப்ரல் 17-ஆம் தேதி மூன்று பேரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள். அதன் தலைவர் லவல் 97 வயது வரை வாழ்ந்து 2025 ஆகஸ்டில்தான் இறந்தார்.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். 1995-இல் ஹாலிவுட் படமே எடுத்துவிட்டது. சல்யூட் கதை அந்த அளவுக்குத் தெரியாது.

*

1984 அக்டோபர் 2-ஆம் தேதி கிசிம், சொலொவ்யோவ், அட்கோவ் மூவரும் 237 நாளை முடித்துக்கொண்டு பூமிக்குத் திரும்பினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த மாதிரி. ஆளில்லாமலே அது சுற்றிக்கொண்டிருந்தது.

1985 பிப்ரவரி 11-ஆம் தேதி தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு நிலையத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. 19 டன் இரும்பு, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது.

அதைப் போய்ப் பார்த்து வர இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். விளாதிமிர் ஜானிபெகோவ், அதுவரை நாலு தடவை விண்வெளிக்குப் போனவர். விக்டர் சவினிக், நிலையத்தின் கருவிகளை நன்றாக அறிந்த என்ஜினீயர். அவர்களின் சோயுஸ் டி-13 கலத்திலிருந்து தானியங்கி இணைப்புக் கருவியைக் கழற்றினார்கள். மறுமுனை செத்துக் கிடக்கும்போது அதனால் பிரயோஜனம் இல்லை. மூன்றாவது இருக்கையையும் கழற்றினார்கள். மிச்சமான எடைக்கு எரிபொருளும் தண்ணீரும் ஏற்றினார்கள். பாருங்கள், கிளம்பும் முன்பே கணக்கு ஆரம்பித்துவிட்டது.

1985 ஜூன் 6 புறப்பாடு. ஜூன் 8-ஆம் தேதி, லேசர் தூரமானி ஒன்றை வைத்துத் தூரத்தை அளந்து அளந்து, ஜானிபெகோவ் கையாலேயே ஓட்டிக் கொண்டுபோய் இணைத்தார். பதில் பேசாத ஒரு பொருளோடு இப்படி இணைந்தது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறக்கும் முன் உள்ளே காற்று இருக்கிறதா, விஷமாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு நுழைந்தார்கள். காற்று இருந்தது. வேறொன்றும் இல்லை. கும்மிருட்டு. பூஜ்யத்துக்குக் கீழே குளிர். சுவரெல்லாம் உறைபனி. மின்விசிறி இரைச்சல் எப்போதும் கேட்கிற இடத்தில் மயான அமைதி. கனத்த கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வேலையை ஆரம்பித்தார்கள்.

முதல் கணக்கு தண்ணீர். நிலையத்தில் இருந்த தண்ணீர் உறைந்துவிட்டது. கையோடு கொண்டு வந்தது சுமார் எட்டு நாளைக்கு. அவசரத்துக்கு ஒதுக்கியதையும் சேர்த்து, சிக்கனமாகக் குடித்தால் இன்னும் சில நாள். அதற்குள் வீடு உயிர் பெறாவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது கணக்கு மூச்சு. நம்ம வீட்டில் நாம விடுகிற மூச்சு சூடாக இருப்பதால் தானாக மேலே போய்விடும். எடையற்ற இடத்தில் மேலே, கீழே என்பதே கிடையாது. விசிறி ஓடாவிட்டால், விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே கூடு கட்டிக்கொள்ளும். அதையே திரும்ப இழுத்தால் தலைவலி, அசதி, அப்புறம் மயக்கம். அதனால் ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் அவரைக் கவனிக்க வேண்டும் என்று கீழிருந்து உத்தரவு.

மூன்றாவது கணக்குதான் என்னை மாதிரி எலக்ட்ரிகல் ஆசாமிக்குப் பால்பாயசம். எட்டு பேட்டரிகளும் முழுசாக இறங்கிக் கிடந்தன. வெளியே சோலார் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலும் தாராளமாக அடிக்கிறது. ஆனால் பேனலைப் பேட்டரியோடு சேர்க்கிற சுவிட்ச் வேலை செய்யவே கொஞ்சம் கரண்ட் வேண்டும். அந்தக் கொஞ்சம் இல்லை. தாங்கள் வந்த சோயுஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். நிலையத்தில் எங்கேயாவது ஷார்ட் சர்க்யூட் இருந்தால் சோயுஸும் சேர்ந்து போய்விடும். வீட்டுக்குத் திரும்பும் வண்டி அது ஒன்றுதான். அதைத் தொடவில்லை.

பேட்டரிகளைச் சோதித்ததில் இரண்டு தேறாது, ஆறு தேறும் என்று தெரிந்தது. நடுவில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, பேனலிலிருந்து வரும் ஒயரை அந்த ஆறோடு நேரடியாக முறுக்கி இணைத்தார்கள். விறைத்துப்போகும் குளிரில், கையால். பிறகு சோயுஸில் போய் உட்கார்ந்து, அதன் உந்துவிசையால் மொத்த நிலையத்தையும் சூரியனைப் பார்க்கத் திருப்பினார்கள். செத்த வீட்டை முதுகால் தள்ளி வெயிலில் போட்டார்கள் என்று சொல்லலாம். பேட்டரி ஏறியது. ஓரிரு நாளில் விளக்கு எரிந்தது. ஜூன் 13-ஆம் தேதி நிலையம் தானாகத் திசை திரும்பும் சக்தியைத் திரும்பப் பெற்றது. அதனால் சரக்குக் கலம் வந்து இணைய முடிந்தது. ஜூன் 23-ஆம் தேதி புரோகிரஸ்-24 தண்ணீரும் சாமானும் கொண்டு வந்தது.

ஹீட்டரை உடனே போட்டார்களா? இல்லை. உறைபனி உருகித் தண்ணீரானால் அது வழிந்து கீழே போகாது, உருண்டை உருண்டையாக மிதந்து ஒயருக்குள் புகும். அதனால் துணியால் துடைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் சுவரைச் சூடாக்கினார்கள். காற்றில் ஈரப்பதம் சரியாக ஜூலைக் கடைசி ஆனது. தண்ணீர் சுட வைக்கும் கருவி கெட்டுப்போயிருந்ததால், டிவி படப்பிடிப்புக்கு வைத்திருந்த விளக்கின் சூட்டில் சூடாக்கிக் குடித்தார்கள்.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? ஒரு பேட்டரியின் சென்சார். பேட்டரி நிறைந்துவிட்டது, நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நம்பி, சார்ஜ் ஏற்ற முயன்ற ஒவ்வொரு தடவையும் பேனல் துண்டிக்கப்பட்டது. ரேடியோ உயிரோடு இருந்திருந்தால் கீழே இருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். ரேடியோ போனதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசிச் சொட்டு வரை வடிந்துவிட்டது.

(சின்னப் போனஸ்: மேலே வந்த சாமானைப் பிரிக்கும்போது ஜானிபெகோவ் ஒரு சிறகு நட்டைச் சுழற்றிவிட, அது மிதந்துகொண்டே போய்த் திடீரென்று தலைகீழாகத் திரும்பியது, மறுபடி திரும்பியது. 'ஜானிபெகோவ் விளைவு' என்று வீடியோவில் சுற்றுகிறதே, அது பிறந்ததும் இந்த வீட்டில்தான்.)

*

2017-இல் ரஷ்யாவில் இதைப் படமாக எடுத்தார்கள். பார்த்தேன். காட்சிகள் அருமை. ஆனால் நிலையத்துக்குள் தீ பிடிக்கிறது, அமெரிக்க விண்ணோடம் போட்டிக்கு வருகிறது, சுத்தியலால் அடிக்கிறார்கள். நிஜத்தில் இருந்த அந்தப் பொறுமை படத்தில் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேட்டரியை ஒவ்வொன்றாகச் சோதிப்பதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போல. நான் பார்ப்பேனே ஐயா!

'தி மார்ஷியன்' மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். அதிலும் ஓட்டை உண்டு. கதையே ஒரு பெரும் புயலில்தான் ஆரம்பிக்கிறது. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அழுத்தம்கூட இல்லாதது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஆளைத் தூக்கி எறியாது. வேய்ரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சுப்பொருள் இருப்பதை ஃபீனிக்ஸ் கலம் 2008-இலேயே கண்டுபிடித்துவிட்டது. கிழங்கு போடும் முன் மண்ணை அலச வேண்டியிருக்கும். எங்களை மாதிரி மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு சிரிப்பும் உண்டு. நாவலில் நாசா அதிகாரியின் பேர் வெங்கட் கபூர். பாதி மாட்டுங்கா, பாதி பாந்திரா! படத்தில் அதை வின்சென்ட் கபூர் என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனாலும் மன்னித்துவிடலாம். அவன் அழுதுகொண்டே எண்ணுகிறானா, எண்ணிவிட்டு அழுகிறானா என்பதுதான் எனக்கு முக்கியம்.

*

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். மகளுக்கும் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மதியம் காட்கோபரில் இருந்து தாதருக்கு லோக்கல் ஏறினேன். குர்லா தாண்டி, சயான் வரும் முன் வண்டி நின்றது. தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது. வெளிச்சம் போச்சு, விசிறி போச்சு, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போச்சு. வீட்டில் தங்கமணி, ஆறு மாதக் கைக்குழந்தையோடு தனியாக. (இப்போது காலேஜில் படிக்கிற எங்கள் மூத்தவன்.)

பெட்டிக்குள் முதலில் ஒரே கூச்சல். குதிக்கலாம் என்று சிலர், கூடாது என்று சிலர். இருட்டினதும் கூச்சல் போய் பயம் வந்தது. எனக்கும்தான். அப்போது எங்கிருந்தோ அப்பா குரல் காதில் கேட்டது. மில்லில் ஃப்யூஸ் போனால் அவர் சொல்லுவார்: "ஏல, மொதல்ல எண்ணு. பொறவு பயப்படு."

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அரை பாட்டில் தண்ணீர், மதிய டப்பாவில் மிச்சம் இரண்டு சப்பாத்தி. பக்கத்தில் இருந்த மராட்டிப் பெரியவரிடம் அதைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு பெட்டி முழுக்கக் குரல் கொடுத்தார். அவரவரிடம் இருந்ததை வெளியே எடுத்தார்கள். பதினோரு பாட்டில், நாலு பாக்கெட் பிஸ்கட், ஒரு கட்டு வாழைப்பழம், மூன்று டார்ச். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலில், மற்றவர்களுக்கு மணிக்கு ஒரு மூடி தண்ணீர் என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். பாட்டில் மூடியால் அளந்து குடித்தோம். எண்ணி முடித்ததும் பெட்டிக்குள் பேச்சுச் சத்தம் மாறிவிட்டது. ஒரு பையன் பாட்டுக்கூடப் பாடினான். தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

விடிந்ததும் வரிசையாகக் கைபிடித்துக்கொண்டு, தண்டவாளத்தின் மேலேயே சயான், மாட்டுங்கா வழியாகத் தாதருக்கு நடந்தேன். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினால் தங்கமணி திறந்தாள். அழவில்லை. சமையல் மேடையில் பால் கணக்கு எழுதுகிற நோட்டு திறந்து கிடந்தது. அதில் அவள் கையெழுத்து. பால் பவுடர் எத்தனை கரண்டி, கொதிக்க வைத்த தண்ணீர் எவ்வளவு, மெழுகுவர்த்தி எத்தனை. பக்கத்தில் மணி வாரியாக வகுத்து, மூன்று நாளைக்கு. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

சல்யூட்டில் டார்ச் வெளிச்சத்தில் அந்த இரண்டு பேர் பேட்டரியை எண்ணினதைப் படித்தபோது எனக்கு அது அந்நியமாகவே இல்லை. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் வீடு எல்லாமே கொஞ்சம் சல்யூட்தான். காலையில் ஒரு மணி நேரம் வருகிற தண்ணீரில் நாள் முழுக்க ஓட்டுவோம். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர சித்தப்பா, அத்தை யாரும் பக்கத்தில் கிடையாது. ஒரு ஃப்யூஸ் போனால் நாமளேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

அந்த வீட்டின் கடைசிக் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஜானிபெகோவ் 1985 செப்டம்பரில் திரும்பினார். சவினிக் நவம்பர் வரை இருந்தார். பிற்பாடு 'இறந்த நிலையத்திலிருந்து குறிப்புகள்' என்று புத்தகமும் எழுதினார். 1986 மே மாதம், புதிதாக ஏவப்பட்ட மிர் நிலையத்திலிருந்து இரண்டு பேர் கிளம்பி சல்யூட்-7க்கு வந்தார்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு மனிதர்கள் பறந்தது அதுவே முதல் தடவை. வந்தது யார்? கிசிமும் சொலொவ்யோவும். ராகேஷ் சர்மாவை வரவேற்றார்களே, அதே இரண்டு பேர். குழாயை ஒட்டினவர்களும் அவர்களே. மிச்ச வேலையை முடித்து, 350 முதல் 400 கிலோ கருவிகளை எடுத்துக்கொண்டு, மிர் நிலையத்துக்குத் திரும்பினார்கள். ஊரில் பழைய வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றிக்கொண்டு வருவோமே, அப்படி. அதன் பிறகு அங்கே யாரும் போகவில்லை. 1991 பிப்ரவரி 7-ஆம் தேதி சல்யூட்-7 வளிமண்டலத்தில் எரிந்து, மிச்சத் துண்டுகள் அர்ஜென்டினாவில் விழுந்தன.

நம்முடைய மங்கள்யானும் ஏறக்குறைய இப்படித்தான் போனது. ஆறு மாதத்துக்கென்று செய்தது, 2014 செப்டம்பரிலிருந்து சுமார் எட்டு வருஷம் செவ்வாயைச் சுற்றியது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணம் ஒன்றின் நிழலில் மாட்டி, தொடர்பு அறுந்தது. ஒயரை முறுக்கி வெயிலில் திருப்பிப் போட அங்கே ஜானிபெகோவ் இல்லை.

இன்னொரு சின்னச் சங்கதி. ககன்யான் திட்டத்துக்காகத் தேர்வான நாலு விமானப்படை வீரர்களின் பெயர்களை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதில் ஒருவர் அஜித் கிருஷ்ணன். சென்னையில் பிறந்தவர். பிறந்த தேதி 1982 ஏப்ரல் 19. சல்யூட்-7 மேலே கிளம்பின அதே நாள்! சும்மா ஒரு தற்செயல்தான், ஆனால் படித்ததும் எனக்குப் புல்லரித்தது.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

"அம்மா, அப்பா சொல்றது நிஜமா? நோட்டுல எழுதி வச்சீங்களா?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"பால் பவுடர் இருபத்தி மூணு கரண்டி. மெழுகுவர்த்தி அஞ்சு, அதுல ஒண்ணு பாதி. தண்ணி ரெண்டு குடமும் ஒரு குக்கரும்" என்றாள் தங்கமணி. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு எண்கூட மறக்கவில்லை.

மகள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விரலை மடக்க ஆரம்பித்தாள்.

சரி, காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஜூலை 26 நோட்டு மாதிரி ஏதாவது இருந்தால், பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள்.